யூ-பூட் என்விரான்மென்ட் வேரியபிள்: மாத்தினாலும் பழைய வேல்யூவே ஏன் திரும்ப வருது?

போர்டுல சீரியல் கேபிளை மாட்டி, யூ-பூட் (போர்டுல லினக்ஸை ஏத்திவிடற ப்ரோக்ராம்) ப்ராம்ப்ட்ல, அதாவது கமாண்ட் டைப் பண்ற இடத்துல, ஒரு வேரியபிளை மாத்திட்டு ரீசெட் பட்டனை அமுக்குறாரு ஒருத்தர், பழைய வேல்யூவே வந்து நிக்குது. இன்னொருத்தர் ஒழுங்கா சேவ் பண்ணிட்டுதான் ரீசெட் பண்றாரு, அவருக்கும் பழசுதான். மூணாவது ஆள் வெறுத்துப்போய் யூ-பூட்டையே புதுசா கம்பைல் பண்ணி ஏத்திடறாரு, அப்பவும் பழைய செட்டிங் போக மாட்டேங்குது. மூணு பேருக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "என்விரான்மென்ட் கரப்ட் ஆயிருச்சு, எரேஸ் பண்ணிடுங்க".

உண்மையில மூணு இடத்துலயும் எதுவும் கெட்டுப்போகல, யூ-பூட் என்ன செய்யணுமோ அதைத்தான் செஞ்சிருக்கு. என்விரான்மென்ட்னு ஒரே பேர்ல நாம கூப்பிடறது மூணு தனித்தனி காப்பி, அதுல நாம எதை மாத்தினோம், போர்டு எதைப் படிச்சுதுங்கிறதுலதான் குழப்பம் மொத்தமும். எம்பெடட் பக்கம் புதுசா வர்றவங்களுக்காக அடியிலேர்ந்து சொல்றேன், சி கோடு எதுவும் தெரிஞ்சிருக்கத் தேவையில்ல. கமாண்ட் பேரையெல்லாம் வாய்ல சொல்ற மாதிரியே தமிழ்ல எழுதியிருக்கேன், போர்டுல டைப் பண்றப்போ இங்கிலீஷ்ல போட்டுக்கோங்க.

பூட்லோடர் எதுக்கு, அதுக்கு ஏன் வேரியபிள்?

போர்டுக்கு கரண்ட் வந்த உடனே லினக்ஸ் ஓடிடாது. சிப்புக்குள்ளயே அழிக்க முடியாத ரோம்ல இருக்கிற ஒரு சின்ன ப்ரோக்ராம் முதல்ல எழுந்திருக்கும், அது ஸ்டோரேஜ்லேர்ந்து பூட்லோடரை மெமரிக்கு இழுத்துட்டு வரும், பூட்லோடர் கெர்னலை (லினக்ஸோட மையப் பகுதி) இழுத்துட்டு வந்து "இனிமே நீ பார்த்துக்கோ"ன்னு ஒப்படைச்சிட்டு ஒதுங்கிடும். இப்படி ஆபரேட்டிங் சிஸ்டத்தை மெமரியில ஏத்தி ஓடவிடற ப்ரோக்ராம்தான் பூட்லோடர்.

எம்பெடட் லினக்ஸ்ல அதிகம் பார்க்கிறது யூ-பூட். ஜெர்மனிக்காரர் வுல்ஃப்காங் டெங்க் பவர்பிசி சிப்புக்காக ஏற்கனவே இருந்த ஒரு பூட்லோடரை எடுத்து பிபிசிபூட்ங்கிற பேர்ல வளர்த்தாரு, வேற சிப்பெல்லாம் உள்ள வந்ததும் 2002ல யூ-பூட்னு பேர் மாறிச்சு. இன்னைக்கு பீகிள்போன் பிளாக் மாதிரி கத்துக்கிற போர்டுலேர்ந்து நிறைய வீட்டு வைஃபை ரௌட்டர் வரைக்கும் இதுதான் உள்ள இருக்கு.

இப்ப யோசிச்சுப் பாருங்க, ஒரே போர்டு டெவலப்பர் மேஜையில இருக்கும்போது கெர்னலை நெட்வொர்க் வழியா எடுக்கணும், கஸ்டமர்கிட்ட போனப்புறம் இஎம்எம்சிலேர்ந்து (போர்டுலயே இருக்கிற ஸ்டோரேஜ் சிப்) எடுக்கணும், இதுக்காக ஒவ்வொரு தடவையும் பூட்லோடரை கம்பைல் பண்ணிட்டு இருக்க முடியுமா? அதனால "எங்கேர்ந்து எடுக்கணும், கெர்னலுக்கு என்ன சொல்லி அனுப்பணும், எத்தனை செகண்ட் காத்திருக்கணும்"ங்கிற முடிவையெல்லாம் கோடுக்கு வெளிய, பேரும் வேல்யூவுமா எழுதி வச்சாங்க. இந்த பேர்-வேல்யூ ஜோடிதான் என்விரான்மென்ட் வேரியபிள். லினக்ஸ் ஷெல்லுல பார்க்கிற பாத், ஹோம் மாதிரி வேரியபிளுக்கும் இதுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது, பேர் மட்டும்தான் ஒண்ணு.

எல்லா வேல்யூவும் வெறும் எழுத்துச் சரம்தான், நம்பர்னு தனி வகை இல்ல. இன்னொண்ணு, மெமரி அட்ரஸ், சைஸ் எல்லாத்தையும் யூ-பூட் ஹெக்ஸாத்தான் (16ஐ அடிப்படையா வச்சு எண்றது) எடுத்துக்கும், 10ன்னு போட்டா அது 16. முதல் வாரத்துல இதுல மாட்டாதவங்க ரொம்பக் கம்மி.

மெஸ் சரக்கு மாஸ்டர் கணக்கு

ஒரு மெஸ்ஸை எடுத்துக்கோங்க. கடை திறந்த அன்னைக்கே ஓனர் அடிச்சு மாட்டின மெனு போர்டு ஒண்ணு சுவத்துல இருக்கு. கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு நோட்டு, அப்பப்ப செஞ்ச மாற்றமெல்லாம் அதுல இருக்கும். காலையில சரக்கு மாஸ்டர் வந்ததும் நோட்டை ஒருதடவை புரட்டிப் பார்த்து எல்லாத்தையும் மனசுல ஏத்திக்குவாரு, அதுக்கப்புறம் நாள் பூரா மனசுல இருக்கிறதை வச்சுதான் சமையல்.

பத்து மணிக்கு நீங்க போய் "மாஸ்டர், இன்னைக்கு சாம்பார்ல காரம் கம்மி"ன்னு சொன்னா கேட்டுக்குவாரு. நோட்டுல எழுதலைன்னா மறுநாள் பழைய காரம்தான். நோட்டுல எண்ணெய் கொட்டி படிக்கவே முடியலைன்னா சுவத்து போர்டைப் பார்த்து சமைப்பாரு. ஓனர் ஆசையா புது மெனு போர்டு மாட்டினாலும், நோட்டு நல்லா இருக்கிற வரைக்கும் மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கூட பார்க்க மாட்டாரு.

சுவத்து போர்டு, நோட்டு, மனசு. இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்கோங்க, மெஸ்ஸை இத்தோட விட்டுடலாம்.

மூணு காப்பி

முதல் காப்பி டிஃபால்ட். யூ-பூட்டை கம்பைல் பண்ணும்போதே பைனரிக்குள்ள சேர்ந்து வர்றது, ஓடும்போது இதை யாரும் மாத்த முடியாது.

ரெண்டாவது, சேவ் பண்ண காப்பி. இது யூ-பூட் பைனரிக்கு வெளிய, ஸ்டோரேஜ்ல தனக்குன்னு ஒதுக்கின இடத்துல இருக்கும். அந்த இடம் நார், நாண்ட்னு ரெண்டு வகை ஃபிளாஷ் சிப்ல ஒண்ணா இருக்கலாம், இஎம்எம்சியோட ஒரு மூலையா இருக்கலாம், ஃபேட் பார்ட்டிஷன்ல ஒரு ஃபைலாக்கூட இருக்கலாம், எதுங்கிறது கம்பைல் பண்ணும்போது முடிவாயிடும்.

மூணாவது, மெமரியில இருக்கிற காப்பி. யூ-பூட் எழுந்ததும் சேவ் பண்ண காப்பியைப் படிச்சு, சரியா இருந்தா மெமரியில ஒரு டேபிளா போட்டுக்கும், சரியில்லைன்னா டிஃபால்ட்டை எடுத்து அதே டேபிள்ல போட்டுக்கும். அதுக்கப்புறம் நீங்க பிரிண்ட்என்வ் அடிச்சு பார்க்கிறது, செட்என்வ் அடிச்சு மாத்துறது எல்லாமே இந்த டேபிளைத்தான். சேவ்என்வ் அடிச்சாத்தான் டேபிள்ல இருக்கிறது ஸ்டோரேஜுக்குப் போகும்.

ஆக முதல் ஆளோட பிரச்னை முடிஞ்சுது, அவர் சேவ்என்வ் அடிக்கல. மூணாவது ஆளோடதும் முடிஞ்சுது, அவர் மாத்தினது பைனரிக்குள்ள இருக்கிற டிஃபால்ட்டை, ஆனா ஸ்டோரேஜ்ல பழைய காப்பி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு, அது சரியா இருக்கிற வரைக்கும் டிஃபால்ட்டுக்கு வேலையே இல்ல. அவர் செய்ய வேண்டியது ப்ராம்ப்ட்ல "என்வ் டிஃபால்ட் -ஏ", அப்புறம் சேவ்என்வ். முதல் கமாண்ட் மெமரியில இருக்கிற டேபிளை மட்டும்தான் டிஃபால்ட்டுக்கு மாத்தும், அதனால ரெண்டாவது கண்டிப்பா வேணும்.

ஸ்டோரேஜ்ல எப்படி இருக்கு?

இதை ஒருதடவை ஹெக்ஸ் டம்ப் எடுத்துப் பார்த்துட்டா பாதி பயம் போயிடும், அவ்ளோ சாதாரணமா இருக்கும். முதல் 4 பைட் ஒரு செக்சம். அதுக்கப்புறம் நேரா எழுத்து:

பூட்-டிலே=3, ஒரு ஜீரோ பைட், ஐபிஅட்ர்=192.168.1.50, ஒரு ஜீரோ பைட், அடுத்த வேரியபிள், மறுபடி ஜீரோ பைட்...

கடைசி வேரியபிள் முடிஞ்சதும் ரெண்டு ஜீரோ பைட் அடுத்தடுத்து வந்தா லிஸ்ட் முடிஞ்சுதுன்னு அர்த்தம். மிச்ச இடம் காலி. அவ்ளோதான், ஃபைல் சிஸ்டமும் கிடையாது ஒண்ணும் கிடையாது.

அந்த 4 பைட்டுக்கு பேர் சிஆர்சி. பின்னாடி இருக்கிற டேட்டா மொத்தத்தையும் ஒரு கணக்குப் போட்டு வர்ற விடை அது, டேட்டாவுல ஒரு பிட் மாறினாலும் விடை ஒத்துப்போகாது. கவனிக்க வேண்டியது என்னன்னா, இந்தக் கணக்கு வேரியபிள் இருக்கிற பகுதிக்கு மட்டும் இல்ல, ஒதுக்கின சைஸ் முழுக்க, காலி இடத்தையும் சேர்த்துதான் போடப்படுது. கீழ லினக்ஸ் பக்கம் வரும்போது இது பெரிய விஷயமாகும்.

புது போர்டை முதல்முறை ஆன் பண்ணும்போது "வார்னிங் - பேட் சிஆர்சி, யூசிங் டிஃபால்ட் என்விரான்மென்ட்"னு வர்றதைப் பார்த்துட்டு ஃபிளாஷ் சிப் போச்சுன்னு போர்டை திருப்பி அனுப்பினவங்க இருக்காங்க. யாரும் இதுவரைக்கும் சேவ் பண்ணாத இடத்துல சரியான சிஆர்சி எப்படி இருக்கும்? ஒருதடவை சேவ்என்வ் அடிங்க, அடுத்த பூட்ல அந்த வரி காணாம போயிடும். சேவ் பண்ணி நாள் கணக்கா ஓடிட்டிருந்த போர்டுல திடீர்னு வந்தாத்தான் யோசிக்கணும்.

சுருக்கமா: டிஃபால்ட் பைனரிக்குள்ள, சேவ் பண்ணது தனி இடத்துல சிஆர்சியோட, நாம கை வைக்கிறது மெமரி டேபிள்ல.

செட்என்வ்: சின்ன கமாண்ட், பெரிய பள்ளம்

செட்என்வ் பூட்-டிலே 5ன்னா பூட் ஆகறதுக்கு முன்னாடி 5 செகண்ட் காத்திருக்கும், அந்த நேரத்துல ஏதாவது கீ அமுக்கினா ப்ராம்ப்ட் கிடைக்கும். 0ன்னா காத்திருக்காது, ஆனா கீயை முன்னாடியே அமுக்கிப் பிடிச்சிருந்தா நிக்கும். -1ன்னா "காத்திருக்காதே"ன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது ஆட்டோபூட்டே வேண்டாம்னு சொல்றது, போர்டு ப்ராம்ப்ட்லயே நின்னுடும். கீயைக்கூட பார்க்காம நேரா போகணும்னா -2. வேல்யூ எதுவும் கொடுக்காம செட்என்வ்னு பேரை மட்டும் கொடுத்தா அந்த வேரியபிள் அழிஞ்சிடும்.

காத்திருந்து முடிஞ்சதும் யூ-பூட் ஓட்டறது பூட்சிஎம்டிங்கிற வேரியபிளை. அதுக்குள்ள இருக்கிற எழுத்தை, நீங்களே கீபோர்டுல டைப் பண்ண மாதிரி எடுத்து ஓட்டும். ஸ்கிரிப்ட் மாதிரி பல கமாண்டை செமிகோலன் போட்டு எழுதலாம், வேற வேரியபிள்ல இருக்கிற கமாண்டை ரன் போட்டு கூப்பிடலாம்.

பள்ளம் எங்கன்னா, கோட்ஸ் போடாம இப்படி அடிக்கிறது:

செட்என்வ் பூட்சிஎம்டி ரன் லோட்கெர்னல்; ரன் ஸ்டார்ட்கெர்னல்

யூ-பூட் இதை ரெண்டு கமாண்டா பார்க்கும். செமிகோலனுக்கு முன்னாடி இருக்கிறது மட்டும் பூட்சிஎம்டிக்குள்ள போகும், பின்னாடி இருக்கிற ரன் ஸ்டார்ட்கெர்னல் அங்கயே அப்பவே ஓடிடும், ஏத்தாத கெர்னலை ஸ்டார்ட் பண்ணப் பார்த்து போர்டு எங்கயோ போய் முட்டிக்கும். சிங்கிள் கோட்ஸுக்குள்ள போட்டா முழுசா ஒரே வேல்யூவா போகும். டாலர் குறி போட்டு வேற வேரியபிளை உள்ள கூப்பிடும்போதும் இதே கதைதான், கோட்ஸ் இல்லைன்னா அந்த நிமிஷம் இருக்கிற வேல்யூ ஒட்டிக்கும், சிங்கிள் கோட்ஸ் இருந்தா பூட் ஆகும்போது இருக்கிற வேல்யூ எடுக்கப்படும். எது வேணும்ங்கிறதை யோசிச்சுப் போடுங்க, தொண்ணூறு சதவீதம் உங்களுக்கு வேண்டியது சிங்கிள் கோட்ஸ்தான்.

சேவ் பண்ணியும் மாறலையே? பூட்ஆர்க்ஸ் கதை

இப்ப ரெண்டாவது ஆளுக்கு வருவோம். அவர் மாத்தினது பூட்ஆர்க்ஸ், அதாவது கெர்னலுக்கு அனுப்பற வரி. எந்த சீரியல் போர்ட்ல மெசேஜ் காட்டணும், ரூட் ஃபைல் சிஸ்டம் எந்த பார்ட்டிஷன்ல இருக்குங்கிறதெல்லாம் இதுல இருக்கும். யூ-பூட் இதை டிவைஸ் ட்ரீக்குள்ள, போர்டுல என்னென்ன ஹார்ட்வேர் இருக்குன்னு கெர்னலுக்குச் சொல்ற அந்த டேட்டாவுக்குள்ள எழுதி ஒப்படைக்கும்.

அவர் பூட்ஆர்க்ஸை மாத்தினாரு, சேவ் பண்ணாரு, பூட் பண்ணிப் பார்த்தா பழைய வரிதான் கெர்னலுக்குப் போகுது. காரணம் கண்ணு முன்னாடியே இருக்கு, பிரிண்ட்என்வ் பூட்சிஎம்டி அடிச்சு, அது கூப்பிடற ஒவ்வொரு ரன்னையும் பின்தொடர்ந்து போனா எங்கயாவது ஒரு இடத்துல "செட்என்வ் பூட்ஆர்க்ஸ்"னு ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு பூட்டுலயும் அந்த ஸ்கிரிப்ட் பூட்ஆர்க்ஸை முதல்லேர்ந்து கட்டுது, நீங்க சேவ் பண்ணது அதுல அடிபட்டுப் போயிடுது. நீங்க மாத்த வேண்டியது பூட்ஆர்க்ஸை இல்ல, அதைக் கட்டற ஸ்கிரிப்டை, இல்லைன்னா அந்த ஸ்கிரிப்ட் உள்ள சேர்த்துக்கிற வேற வேரியபிளை. கெர்னலுக்கு கடைசியில என்ன போய்ச் சேர்ந்துதுன்னு பார்க்க லினக்ஸ் வந்தப்புறம் /ப்ராக்/சிஎம்டிலைன் ஃபைலை படிங்க, வாக்குவாதம் முடிஞ்சிடும்.

இதே ரகத்துல இன்னொண்ணு, பீகிள்போன் மாதிரி போர்டுல இருக்கிற யூஎன்வ்.டிஎக்ஸ்டி. இதைத்தான் என்விரான்மென்ட்னு நினைச்சுக்கறாங்க. இது ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல், பூட் ஸ்கிரிப்ட் ஓடும்போது இதைப் படிச்சு மெமரி டேபிள்ல சேர்த்துக்கும், அவ்ளோதான். சேவ்என்வ் அடிச்சா இந்த ஃபைல்ல எதுவும் எழுதாது. இதுல இருக்கிற வேல்யூ பூட்டுக்கு பூட்டு மறுபடி உள்ள வரும், நீங்க சேவ் பண்ணதுக்கு மேலயே ஏறி உக்காந்துக்கும்.

லினக்ஸ்லேர்ந்து மாத்தறது

ஃபீல்டுல இருக்கிற போர்டுக்கு சீரியல் கேபிள் யார் மாட்டுவா? அதுக்காக லினக்ஸ்ல எஃப்டபிள்யூ_பிரிண்ட்என்வ், எஃப்டபிள்யூ_செட்என்வ்னு ரெண்டு கருவி இருக்கு. இது மெமரி டேபிளைத் தொடாது, தொடவும் முடியாது, யூ-பூட் போய் ரொம்ப நேரமாச்சு. நேரா ஸ்டோரேஜ்ல இருக்கிற காப்பியில எழுதும், அதனால தனியா சேவ் தேவையில்ல, ஆனா அடுத்த பூட்லதான் பலன் தெரியும்.

காப்பி எங்க இருக்குன்னு இந்தக் கருவிக்குத் தானா தெரியாது, எஃப்டபிள்யூ_என்வ்.கான்ஃபிக்ங்கிற ஃபைல்ல நாமதான் சொல்லணும்: எந்த டிவைஸ், ஆரம்பத்துலேர்ந்து எவ்ளோ தள்ளி (ஆஃப்செட்), எவ்ளோ சைஸ், ஃபிளாஷா இருந்தா செக்டர் (ஒரேயடியா எரேஸ் ஆகற துண்டு) சைஸ் என்ன. யூ-பூட் கம்பைல் பண்ணும்போது கொடுத்த நம்பரும் இதுவும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும். மேல சொன்னேனே, சிஆர்சி முழு சைஸுக்கும்னு, அது இங்கதான் கடிக்கும். யூ-பூட்ல 16 கேபி, ஃபைல்ல 8 கேபின்னு இருந்தா டேட்டா கண்ணுக்குத் தெரிஞ்சாலும் சிஆர்சி ஒத்துப்போகாது. யூ-பூட் சோர்ஸோட வர்ற கருவி அப்ப ஒரு வார்னிங் போட்டுட்டு தனக்குள்ள இருக்கிற டிஃபால்ட்டைக் காட்டும், வார்னிங்கைப் படிக்காம "சரியாத்தானே வருது"ன்னு எஃப்டபிள்யூ_செட்என்வ் அடிச்சீங்கன்னா அந்த டிஃபால்ட்டை தப்பான சைஸ்ல எழுதி வச்சிடும், அடுத்த பூட்ல யூ-பூட் தன் பங்குக்கு பேட் சிஆர்சின்னு சொல்லும். முதல்ல பிரிண்ட் பண்ணி, வார்னிங் எதுவும் இல்லாம உங்க போர்டோட வேல்யூ வருதான்னு பார்த்துட்டு அப்புறம் எழுதுங்க.

இடம் தப்பாறது இன்னும் மோசம். எஸ்டி கார்டுலயோ இஎம்எம்சிலயோ பார்ட்டிஷனுக்கு வெளிய வெறும் ஆஃப்செட்டை வச்சு எழுதும்போது காவலுக்கு யாரும் இல்ல. ஐ.எம்எக்ஸ்6 சிப்ல யூ-பூட் இமேஜ் 1 கேபில ஆரம்பிக்கும், அந்த சிப் வச்ச நிறைய போர்டுல என்விரான்மென்ட் 768 கேபில இருக்கும். ஃபீச்சர் சேர்த்து சேர்த்து இமேஜ் பெருத்து அந்த எல்லையைத் தாண்டிடுச்சுன்னா, சேவ்என்வ் அடிக்கிறது யூ-பூட்டோட வால் பகுதி மேலயே எழுதும். இப்ப ஓடிட்டிருக்கிறது மெமரியில இருக்கிற யூ-பூட், அதனால ஒண்ணும் தெரியாது. அடுத்த ரீசெட்லதான் போர்டு எழுந்திருக்காது.

எழுதும்போது கரண்ட் போனா?

நார் ஃபிளாஷ்ல ஒரு பைட்டை மட்டும் நினைச்ச மாதிரி மாத்த முடியாது, முழு செக்டரையும் எரேஸ் பண்ணிட்டுத்தான் புதுசா எழுதணும். எரேஸ் முடிஞ்சு எழுதறதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா பழசும் இல்ல, புதுசும் இல்ல, டிஃபால்ட்தான். ஒரே ஒரு வேரியபிளை மாத்தினதுக்கு எல்லாமே போயிடும்.

இதுக்குத்தான் ரிடன்டன்ட் என்விரான்மென்ட்னு ஒரு ஏற்பாடு, ஒரே சைஸ்ல ரெண்டு இடம். சிஆர்சிக்கு அடுத்து ஒரு பைட் கூடுதலா வரும், எது புதுசுன்னு சொல்ற அடையாளம் அது. சேவ் பண்ணும்போது இப்ப பயன்பாட்டுல இல்லாத இடத்துலதான் எழுதும், பாதியில செத்தா அதோட சிஆர்சி தப்பா இருக்கும், பழைய இடம் அப்படியே பத்திரமா இருக்கும். ஃபீல்டுக்குப் போற ப்ராடக்ட்ல இது இல்லாம அனுப்பறதை என்னால புரிஞ்சுக்கவே முடியல, கூடுதல் செலவு அதே சைஸ்ல இன்னொரு இடம்தான்.

ரிமோட் அப்டேட் இதை நம்பித்தான் நடக்குது. புது கெர்னலை ரெண்டாவது பார்ட்டிஷன்ல எழுதிட்டு, லினக்ஸ்லேர்ந்து "அடுத்து அதுலேர்ந்து பூட் ஆகு"ன்னு ஒரு வேரியபிளை மாத்துவாங்க. பூட்கவுண்ட்ங்கிற வேரியபிள் ஒவ்வொரு பூட் முயற்சிக்கும் ஒண்ணு கூடும், புது சிஸ்டம் நல்லபடியா எழுந்தா லினக்ஸ் அதை 0 ஆக்கணும். எழவே இல்லைன்னா எண்ணிக்கை பூட்லிமிட்டைத் தாண்டும், அப்ப யூ-பூட் வழக்கமான பூட்சிஎம்டிக்கு பதிலா ஆல்ட்பூட்சிஎம்டியை ஓட்டும், அதுக்குள்ள பழைய பார்ட்டிஷனுக்குத் திரும்பற வழியை எழுதி வச்சிருப்பாங்க.

எரேஸ் பண்றதுக்கு முன்னாடி, கதவைத் திறந்து வைக்கிறதுக்கு முன்னாடி

"எரேஸ் பண்ணிடுங்க"ன்னு சுலபமா சொல்றாங்களே, சில போர்டுல மேக் அட்ரஸ் (நெட்வொர்க்ல அந்த போர்டை அடையாளம் காட்டற நம்பர்) இருக்கிறதே என்விரான்மென்ட்லதான், ஈத்அட்ர்ங்கிற வேரியபிள்ல. ஃபேக்டரியில ஒருதடவை எழுதினது, வேற எங்கயும் காப்பி இல்ல. வழக்கமா யூ-பூட் இதை ஒருதடவை செட் ஆனப்புறம் மாத்த விடாது, ஆனா ஃபிளாஷை நேரா எரேஸ் பண்றவங்களை அது எப்படித் தடுக்கும்? இதுக்கு நேர் எதிரா, நல்லா ஓடற போர்டோட என்விரான்மென்ட்டை அப்படியே காப்பி எடுத்து இன்னும் நாலு போர்டுல ஏத்தினா அஞ்சுக்கும் ஒரே மேக் அட்ரஸ், ஒரே நெட்வொர்க்ல மாட்டினா எது எப்ப பதில் சொல்லும்னு தெரியாது. எதைத் தொடறதுக்கு முன்னாடியும் பிரிண்ட்என்வ் அடிச்சு மொத்தத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வச்சிடுங்க.

கதவு விஷயம் வேற. சீரியல் ப்ராம்ப்ட் திறந்திருக்கிற போர்டுல, பூட்ஆர்க்ஸோட கடைசியில இனிட்=/பின்/எஸ்ஹெச்னு சேர்த்து பூட் பண்ணா பல சமயம் பாஸ்வேர்டே கேக்காம முழு அதிகாரத்தோட ரூட் ஷெல் கையில வந்திடும். பூட்-டிலேயை -2 ஆக்கினா ப்ராம்ப்ட் கிடைக்காதுதான், ஆனா ஃபிளாஷ்ல இருக்கிற காப்பியை வேற வழியில ஒருத்தர் திருத்திட்டா யூ-பூட் அதையும் நம்பி எடுத்துக்கும், ஏன்னா சிஆர்சி டேட்டா கெட்டுப்போச்சான்னு பார்க்கறதுக்குத்தான், யார் எழுதினாங்கன்னு பார்க்கறதுக்கு இல்ல. புதுசா கணக்குப் போட்டு எழுதினா சரின்னு சொல்லிடும். கெர்னலுக்கு கையெழுத்து சரிபார்க்கிற ஏற்பாடு வச்சிருந்தாலும், அந்த சரிபார்க்கிற கமாண்டைக் கூப்பிடறதே பூட்சிஎம்டிதான்னா அதையே மாத்திட்டுப் போயிடலாம்.

அதனால சிலர் கம்பைல் பண்ணும்போதே சேவ் பண்ண காப்பியே வேண்டாம்னு முடிவு பண்ணிடறாங்க, எப்பவும் டிஃபால்ட் மட்டும்தான். பத்திரம்தான், ஆனா அப்ப பூட்கவுண்ட்டை இங்க சேவ் பண்ண முடியாது, எந்த பார்ட்டிஷன்னு லினக்ஸால சொல்லவும் முடியாது. இதுக்கு நடுவுல ஒரு வழி இருக்கு: எந்தெந்த வேரியபிளை மட்டும் மாத்தலாம்னு ஒரு லிஸ்டை பைனரிக்குள்ளயே கொடுத்துடறது. லிஸ்ட்ல பூட்கவுண்ட்டும் பார்ட்டிஷன் நம்பரும் மட்டும் இருந்தா, ஃபிளாஷ்ல யார் என்ன எழுதினாலும் அந்த ரெண்டைத்தான் யூ-பூட் உள்ள எடுக்கும், பூட்சிஎம்டியும் பூட்ஆர்க்ஸும் டிஃபால்ட்லேர்ந்து நகராது.